ஃபோர்டூன் பங்கின் ஏடுகள்: ஸ்கொட்லாந்துப் பதிவேட்டு இணையச் சேவைகள் இரண்டின் மதிப்பீடு

ஸ்கொட்லாந்தின் நாட்டுப்புறப் பங்கு (ஒரு தேவாலயத்தின் பொறுப்பில் உள்ள ஊர்ப் பிரிவு) ஒன்றின் பழைய ஏடுகளைத் திருகோணமலையில் இருந்தவாறே வாசிக்க விரும்புவோருக்கு இன்று முக்கியமாக இரண்டு இணையச் சேவைகள் கிடைக்கின்றன. முதலாவது, ஸ்கொட்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் ‘ஸ்கொட்லண்ட்ஸ் பீப்பிள்’. இரண்டாவது, எடின்பரோ, கிளாஸ்கோ பல்கலைக்கழகங்களின் முயற்சியால் இணையத்தில் ஏறிய ‘ஸ்கொட்லாந்தின் புள்ளிவிபரக் கணக்குகள்’. முன்னையதில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவுகளோடு தேவாலய நிருவாக ஏடுகளும் உள்ளன. பின்னையதில் ஒவ்வொரு பங்கைப் பற்றியும் பெரும்பாலும் அந்தந்தப் பங்கின் போதகரே எழுதிய நீண்ட கட்டுரைகள் உள்ளன. இரண்டையும் ஒரே பங்கை மையமாக வைத்துச் சில மாதங்களாகப் பயன்படுத்திய பின்னரே இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இச்சேவைகளில் இலவசமாகக் கிடைப்பவையே மிகச் சிறந்தவை. பணம் கொடுத்துப் பெறும் பதிவுகள் அவற்றுக்குப் பிறகு வாசிக்க வேண்டியவை. அதோடு, தேவாலயத்தின் ஏட்டைச் சந்தையின் கணக்கோடு சேர்த்து வாசிக்காதவருக்கு இரண்டுமே பாதிதான் விளங்கும்.

திருகோணமலை மாவட்டத்தவர்களுக்கு ஏட்டின் பெறுமதியை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1964 டிசம்பரின் புயல், போர்க்கால இடப்பெயர்வுகள், 2004 சுனாமி என்று ஒவ்வொரு முறையும் வீடுகளோடு சேர்ந்து கடதாசிகளும் போயின. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இல்லாத பிள்ளையைப் பாடசாலையில் சேர்ப்பதற்கும், உறுதி இல்லாத காணியைத் தன்னுடையதென்று காட்டுவதற்கும் அலைந்த குடும்பங்கள் மூதூரிலும் குச்சவெளியிலும் இன்றும் இருக்கின்றன. தங்கள் ஊரின் வரலாற்றை எழுத முனையும் இளைஞர்கள் என்னிடம் வரும்போதெல்லாம், நாட்டுப்புற ஊர் ஒன்றின் ஏடுகள் முழுமையாகத் தப்பியிருந்தால் அவற்றிலிருந்து எவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்பதைக் காட்ட எனக்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டது. அந்தத் தேவைதான் என்னை ஸ்கொட்லாந்துக்குக் கொண்டு சென்றது.

நான் தேர்ந்தெடுத்த பங்கு, ஸ்கொட்லாந்தின் வடகிழக்கில் கின்கார்டின்ஷயர் மாவட்டத்தில் உள்ள ஃபோர்டூன். அதன் முக்கிய கிராமம் ஆக்கன்பிளே. இலங்கையில் தேயிலையை வர்த்தகப் பயிராக்கிய ஜேம்ஸ் டெய்லர் 1835இல் பிறந்தது அந்தக் கிராமத்துக்கு அருகே உள்ள மொஸ்பார்க் என்னும் சிறு குடியிருப்பில். 1852இல், பதினேழு வயது நிறைவதற்கு முன்பே, இலங்கைக்கு வந்த அவர், 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார்; 1892இல் இறந்து கண்டி மஹய்யாவ மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மலையகத்திலிருந்து 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு எங்கள் மாவட்டத்துக்கு வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் பாடப்புத்தகத்திலேயே அறிமுகமாகிவிடுகிறது. ஆகவே அவர் பிறந்த ஊரின் ஏடுகளைப் படிப்பது எங்களுக்கு முற்றிலும் அந்நியமான காரியம் அன்று.

புள்ளிவிபரக் கணக்குகளிலிருந்தே தொடங்க வேண்டும். கெய்த்நெஸ் பகுதியைச் சேர்ந்த நிலவுடைமையாளரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சேர் ஜோன் சின்கிளேயர், 1790இல் நாட்டின் எல்லாப் பங்குகளின் போதகர்களுக்கும் 160 கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றை அனுப்பினார்; பின்னர் மேலும் ஆறு கேள்விகளைச் சேர்த்தார். நிலமும் நீரும் எப்படி இருக்கின்றன, மக்கள் எத்தனை பேர், என்ன விளைகிறது, கூலி எவ்வளவு, இறைச்சியும் வெண்ணெயும் என்ன விலை, தேவாலயமும் போதகர் மனையும் எந்த நிலையில் உள்ளன, வறியவர் எத்தனை பேர், அவர்களுக்கான நிதி எங்கிருந்து வருகிறது என்றெல்லாம் அவர் கேட்டார். விடை அனுப்பத் தாமதித்தவர்களுக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதினார். அதற்கும் மசியாத பங்குகளுக்குத் தாமே ஆட்களை அனுப்பி விபரம் திரட்டினார். இவ்வாறு 938 பங்குகளின் கணக்குகள் 1791க்கும் 1799க்கும் இடையில் 21 தொகுதிகளாக வெளிவந்தன. இரண்டாவது வரிசை 1834க்கும் 1845க்கும் இடையில் 15 தொகுதிகளாக வந்தது. அதில் போதகர்களோடு பாடசாலை ஆசிரியர்களும் வைத்தியர்களும் எழுதினார்கள். 1795 ஓகஸ்டில் ஆங்கிலேயப் படை திருகோணமலைக் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றியபோது, முதல் வரிசையின் தொகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக அச்சேறிக்கொண்டிருந்தன.

இந்தத் தளத்தின் பெருஞ்சிறப்பு, அச்சிட்ட பக்கங்களின் படங்களை எவரும் கட்டணமின்றி வாசிக்கலாம் என்பதுதான். மாவட்டத்தின் பெயரையும் பங்கின் பெயரையும் கொடுத்தால் இரண்டு காலத்துக் கணக்குகளும் முன்னால் வந்து நிற்கும். ஒரே பங்கை ஏறத்தாழ அரை நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு வெவ்வேறு போதகர்கள் விபரிப்பதை அடுத்தடுத்து வாசிக்கும்போது, எது மாறியது, எது மாறவில்லை என்பது தானாகவே துலங்குகிறது. முதலாமவர் பெரிதாகப் பேசும் ஒரு விடயத்தை இரண்டாமவர் ஒரு வரியில் கடந்து போவார். முதலாமவர் சொல்லாமல் விட்ட குடிசைக் கைத்தொழிலின் வீழ்ச்சி இரண்டாமவருக்குப் பெருங்கவலையாக இருக்கும். அச்சுத் தொகுதிகளில் முதல் வரிசை ஓர் ஒழுங்கும் இல்லாதது. போதகர்களிடமிருந்து விடை வந்த வரிசையிலேயே அச்சிட்டார்கள். அதனால் அயல் பங்குகள் இரண்டு வெவ்வேறு தொகுதிகளில் கிடக்கின்றன. நூலகத்தில் இருபத்தொரு தொகுதிகளையும் மேசையில் பரப்பித் தேட வேண்டிய சிரமத்தை இணையத்தளம் முழுமையாக நீக்கிவிட்டது. ஃபோர்டூனை வாசித்த கையோடு அயலிலுள்ள லோரன்ஸ்கேர்க்கையும் அர்பத்நொட்டையும் வாசியுங்கள் என்று நான் இளைஞர்களுக்குச் சொல்வதுண்டு. ஒரு பங்கு தனித்து வாழ்வதில்லை என்பதை அப்போதுதான் உணர முடியும்.

ஃபோர்டூனின் தேவாலய வளவுக்குள் ஸ்கொட்லாந்தின் பல காலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. பலேடியஸ் என்னும் புனிதரின் பெயரில் கட்டப்பட்ட இடைக்காலச் சிற்றாலயத்தின் இடிபாடு அங்கே நிற்கிறது. 1546இல் சென் அன்ட்ரூஸ் நகரில் எரித்துக் கொல்லப்பட்ட சீர்திருத்தப் போதகர் ஜோர்ஜ் விஷார்ட்டின் நினைவுச் சின்னமும் அந்த வளவில்தான் இருக்கிறது. அவருடைய குடும்பத்தின் பிட்டாரோ நிலம் இந்தப் பங்கைச் சேர்ந்தது. மனித இனத்தின் தோற்றத்தைப் பற்றித் தம் காலத்தவர் வியக்கும்படி எழுதிய நீதிபதி மொன்பொட்டோ பிரபு இதே பங்கில் 1714இல் பிறந்தவர். கவிஞர் ஜேம்ஸ் பீற்றி 1753 முதல் சில ஆண்டுகள் இங்கே பாடசாலை ஆசிரியராக இருந்தார். ஒவ்வொரு பங்கிலும் பாடசாலை ஒன்றும் ஆசிரியர் ஒருவரும் இருக்க வேண்டும், அதன் செலவை நிலவுடைமையாளர்கள் ஏற்க வேண்டும் என்று 1696ஆம் ஆண்டின் சட்டம் விதித்திருந்தது. அதன் பயனாகத்தான் இத்தகைய மூலையூர்களில் பதிவேடு எழுதத் தகுதியான கை ஒன்று எப்போதும் இருந்தது. ஏனெனில் பாடசாலை ஆசிரியரே பெரும்பாலும் தேவாலயத்தின் எழுதுநராகவும் இருந்தார்.

இனி, கட்டணம் செலுத்திப் பெறும் பகுதி. ஸ்கொட்லண்ட்ஸ் பீப்பிள் தளத்தில் கணக்குத் தொடங்குவதற்கும் பெயர்ப் பட்டியலைத் தேடுவதற்கும் பணம் இல்லை. தேடிய பதிவின் மூலப் படத்தைத் திறப்பதற்கே பணம். படங்களைத் திறப்பதற்குக் கிரெடிட் எனப்படும் அலகுகளை முன்கூட்டியே வாங்க வேண்டும். நான் வாங்கிய வேளையில் 30 கிரெடிட்டுகள் 7.50 பவுண்ஸ், பழைய பங்குப் பதிவேட்டின் ஒரு படத்துக்கு 6 கிரெடிட்டுகள், அதாவது 1.50 பவுண்ஸ். இலங்கை ரூபாயில் பார்த்தால் இது சிறு தொகை அன்று. அதே பெயர் கொண்ட வேறு நான்கு பேரின் பதிவுகளைத் தவறாகத் திறந்து பார்த்துவிட்டால் வாங்கிய கிரெடிட்டுகள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். உள்ளூர் வங்கி அட்டைகள் பலவற்றில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு வசதியை வங்கியிடம் கேட்டுத் திறந்துகொள்ள வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கவனத்தில் கொள்ள வேண்டும்.

பழைய பங்குப் பதிவேடுகள் 1553 முதல் 1854 வரையிலானவை. மிகப் பழையது பேர்த்ஷயரிலுள்ள எரோல் பங்கினுடையது. பெரும்பாலான பங்குகளின் ஏடுகள் அதற்கு ஒரு நூற்றாண்டோ அதற்கு மேலோ பிந்தியே தொடங்குகின்றன. 1855 யனவரி 1ஆம் திகதி முதல் அரசே பதிவைப் பொறுப்பேற்றது. இலங்கையில் அத்தகைய அரச பதிவு வந்தது 1867இல். இந்த 1855ஆம் ஆண்டைத் தேடுவோர் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த ஓர் ஆண்டில் மட்டும் பிறப்புப் பதிவில் பெற்றோரின் வயது, அவர்கள் பிறந்த இடம், மணம் முடித்த நாள், முன்பு பிறந்த பிள்ளைகளின் எண்ணிக்கை என்று அத்தனையும் எழுதப்பட்டன. அவ்வளவு விபரத்தைத் திரட்டுவது பெருஞ்சுமை என்று கண்டு, அடுத்த ஆண்டிலேயே அவற்றைக் குறைத்துவிட்டார்கள். கொடுக்கும் 1.50 பவுண்ஸுக்கு அதிக பலன் தரும் படம் 1855ஆம் ஆண்டுப் படம்தான்.

பெயர் தேடும்போது எங்களவர்களுக்கு உதவும் இரண்டு வழக்கங்கள் ஸ்கொட்லாந்தில் இருந்தன. ஒன்று, மணமான பெண்களும் பதிவேட்டில் தந்தைவழிக் குடும்பப் பெயரிலேயே எழுதப்பட்டார்கள். ஆகையால் தாயின் பிறந்தகத்தைக் கண்டுபிடிப்பது இங்கிலாந்து ஏடுகளைவிட இங்கே எளிது. மற்றையது, மூத்த மகனுக்குத் தந்தையின் தந்தை பெயரையும் இரண்டாம் மகனுக்குத் தாயின் தந்தை பெயரையும் இடும் மரபு. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் எங்கள் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஆனால் அதே காரணத்தால் ஒரே தலைமுறையில் ஒரே பெயரில் ஐந்தாறு மச்சான்மார் இருப்பார்கள் என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பதிவேட்டில் ஒருவர் பெயர் இல்லாவிட்டால் அவர் அந்தப் பங்கில் பிறக்கவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் முத்திரை வரி இருந்தது. வரிக்கு அஞ்சிப் பலர் பிள்ளைகளைப் பதியாமலே விட்டார்கள். அரச திருச்சபையிலிருந்து பிரிந்து சென்ற சபையினரின் பிள்ளைகள் பங்கு ஏட்டில் இடம்பெறாமல் போனதும் உண்டு. 1843 மே மாதத்தில் போதகரை நியமிக்கும் உரிமை நிலப்பிரபுவுக்கா சபையோருக்கா என்ற வழக்கு முற்றி, ஏறத்தாழ 1,200 போதகர்களில் 474 பேர் வெளியேறிச் சுதந்திரத் திருச்சபையை அமைத்த பிறகு, ஒரே ஊரின் மக்கள் இரண்டு ஏடுகளாகப் பிரிந்துபோனார்கள். திருமணப் பகுதியில் இருப்பதும் பல இடங்களில் திருமணம் அன்று. திருமண அறிவித்தல் மட்டுமே. இறப்புப் பதிவோ மிகவும் சொற்பம்.

அந்த இறப்புகளைத் தேடிப் போகும்போதுதான் இச்சேவையின் உண்மையான புதையலை நான் கண்டேன். போதகரும் ஊரார் மதிக்கும் மூப்பர்களும் அமர்ந்த மூப்பர் அவையின் நடவடிக்கை ஏடுகளும் கணக்கேடுகளும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களாக 2021 முதல் இந்தத் தளத்தில் உள்ளன. தளத்திலேயே புரட்டிப் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. அவற்றில் பெயர்ப் பட்டியல் கிடையாது. பங்கையும் ஆண்டையும் தேர்ந்து, பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும். அது குறைதான்; ஆனால் அந்தக் குறை வாசகரை ஊருக்குள் நடக்க வைக்கிறது. தன் பாட்டனின் பெயரை மட்டும் தேடி வந்தவர், பத்துப் பக்கம் புரட்டுவதற்குள் அந்த ஊரின் ஆற்றுப் பாலம் உடைந்ததையும், அவ்வாண்டு விளைச்சல் கெட்டதையும், கூரை வேய்ந்தவருக்குக் கொடுத்த கூலியையும் அறிந்துவிடுகிறார்.

ஒரு பக்கத்தை எடுத்துப் பார்ப்போம். மேலே நாள். அதன் கீழே, அவை செபத்துடன் தொடங்கியது என்ற ஒரு வரி. வந்திருந்த போதகர், மூப்பர்களின் பெயர்கள். இடது ஓரத்தில் ஒவ்வொரு விடயத்துக்கும் ஒரு சொல் தலைப்பு, காலத்தால் மங்கிய பழுப்பு மையில். மறுபக்கத்தின் எழுத்துகள் தாளை ஊடுருவித் தெரியும். அன்றைய காணிக்கை இவ்வளவு. அதிலிருந்து பார்வையற்ற இன்ன விதவைக்கு இவ்வளவு, தாய் இறந்த குழந்தைக்குப் பாலூட்டிய பெண்ணுக்கு இவ்வளவு, வறிய மாணவனுக்குப் பாடசாலைக் கட்டணம் இவ்வளவு. இறந்தவரின் பெட்டிமேல் விரிக்கும் கறுப்பு வெல்வெட் துணியை அவை வைத்திருந்து வாடகைக்குக் கொடுத்தது. அந்த வாடகை வறியவர் நிதிக்குச் சேர்ந்தது. அடக்கப் பதிவு இல்லாத பங்குகளில் ஒருவர் எப்போது இறந்தார் என்பதை அறிய இந்தத் துணி வாடகைக் கணக்கே பல வேளைகளில் ஒரே வழி. 1845ஆம் ஆண்டின் வறியோர் சட்டம் வந்து தனிச் சபைகளை அமைக்கும் வரை, ஓர் ஊரின் ஏழைக்குப் படியளந்தது இந்தக் கணக்கேடுதான்.

கணக்கை வாசிப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய ஏடுகளில் பவுண் என்று இருப்பது பெரும்பாலும் ஸ்கொட்டிஷ் பவுண். 12 ஸ்கொட்டிஷ் பவுண் சேர்ந்தால்தான் ஓர் இங்கிலாந்துப் பவுண். அதை அறியாமல் வாசித்தால் வறிய பங்கும் செல்வப் பங்காகத் தோன்றும். காணிக்கைப் பெட்டியில் விழுந்த செல்லாக் காசுகளைப் பற்றிய முறைப்பாடுகளும் இந்த ஏடுகளில் அடிக்கடி வருகின்றன. அவற்றுள் ஒல்லாந்தரின் செப்புத் துட்டுகளும் அடக்கம். செல்லாக் காசுகளைச் சேர்த்து வைத்து, செம்பின் எடைக்கு விற்று, அந்தத் தொகையையும் வறியவர் கணக்கில் வரவு வைத்தார்கள். ஒல்லாந்தரின் அதே துட்டு அதே காலத்தில் திருகோணமலைக் கடைத்தெருவிலும் புழங்கியது என்று இளைஞர்களிடம் சொன்னபோது, அதுவரை தொலைவில் இருந்த அந்த ஊர் அவர்களுக்குச் சட்டென்று அருகே வந்துவிட்டது.

தேவாலய ஆட்சி முறையிலும் இப்படி ஒரு நெருக்கம் உண்டு. ஒல்லாந்தர் இலங்கையில் நிறுவிய சீர்திருத்தச் சபையும் போதகரும் மூப்பரும் சேர்ந்து நடத்தும் அமைப்பையே கொண்டிருந்தது. அவர்களுடைய தோம்புகள் என்னும் பதிவேடுகள் காணியையும் குடியையும் எழுதியதைப் போலவே, பாடசாலைத் தோம்புகள் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் எழுதின. வரலாறு கற்கும் எங்கள் மாணவர்கள் மூப்பர் அவை ஏட்டில் பழகிய பின்னர் தோம்புகளை அணுகினால், யார் எதற்காக எழுதினார்கள் என்ற கேள்வியைத் தாமாகவே கேட்பார்கள்.

அந்தக் கேள்வி இன்றியமையாதது. ஏனெனில் இந்த ஏடுகள் இரக்கத்தோடு மட்டும் எழுதப்பட்டவை அல்ல. மணமாகாமல் கருவுற்ற பெண்ணை அவைக்கு அழைத்து, தந்தை யார் என்று விசாரித்து, ஞாயிறுதோறும் சபை முழுவதும் பார்க்க மனந்திரும்புதல் இருக்கையில் அமர வைத்தார்கள். பக்கத்துப் பங்குக்குப் போய்விட்டால் அந்தப் பங்கின் அவைக்குக் கடிதம் எழுதினார்கள். இராப்போசனத்தில் பங்குபெறத் தகுதியானவர் என்று மூப்பர்கள் ஏற்றுக்கொண்டவருக்கு மட்டும் சிறு ஈய வில்லை ஒன்று வழங்கப்பட்டது. பங்கின் முதலெழுத்தும் சிலவேளை ஆண்டும் பொறித்த அந்த வில்லை இல்லாதவர் மேசைக்கு வர முடியாது. வீட்டுப் பணிப்பெண்ணின் வாக்குமூலத்தை எசமானின் நண்பர்களே கேட்டு, தங்கள் சொற்களிலேயே எழுதினார்கள். இதை வாசிக்கும் ஒருவர் அந்தப் பெண்ணின் பக்கம் நின்று வாசிக்கக் கடமைப்பட்டவர் என்றே நான் கருதுகிறேன். இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருப்பதால், இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய ஒருவரின் அவமானத்தை வேடிக்கைக் கதையாகப் பகிர்வது எளிதாகிவிட்டது. மாணவர்களுக்கு இந்த ஏடுகளை அறிமுகப்படுத்தும் ஆசிரியர்கள் இதை முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

சந்தைக்கு வருவோம். ஃபோர்டூனில் ஆண்டுதோறும் யூலை மாதத்தில் பலேடியஸ் புனிதரின் பெயரில் கால்நடைச் சந்தை கூடியது. பால்டி சந்தை என்று மக்கள் அதை அழைத்தார்கள். 1560இன் சமயச் சீர்திருத்தம் புனிதர் வழிபாட்டை ஒழித்தது, திருநாள்களைப் பஞ்சாங்கத்திலிருந்து நீக்கியது, யாத்திரையைத் தடுத்தது. ஆயினும் புனிதரின் பெயரைச் சந்தை கைவிடவில்லை. தேவாலயம் துறந்த ஒருவரை மாட்டு வியாபாரிகள் நூற்றாண்டுக் கணக்காக நினைவில் வைத்திருந்தார்கள். கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்த பின்னர் வழிபாடு தம்பலகாமத்தின் வயல்வெளிகளுக்கு நடுவே தொடர்ந்ததை அறிந்த எங்களுக்கு இது எளிதில் விளங்கும். இப்படியான செய்தியைப் பிறப்புப் பதிவேடு ஒருபோதும் தராது. புள்ளிவிபரக் கணக்கின் போதகர் சந்தைகளைப் பற்றி எழுதும் சில வரிகளில்தான் அது கிடைக்கும்.

பதிவேட்டைத் தேடுபவர் சந்தையை அறிய வேண்டியதற்கு இன்னும் நேரான காரணம் உண்டு. வடகிழக்கு ஸ்கொட்லாந்தில் பண்ணை வேலையாட்கள் ஆட்சேர்ப்புச் சந்தைகளில் கூலிக்கு அமர்த்தப்பட்டார்கள். மே 15, நவம்பர் 11 ஆகிய இரண்டும் தவணை நாள்கள். மணமாகாதவர் அரை ஆண்டுக்கும், குடும்பஸ்தர் ஓர் ஆண்டுக்கும் பேசிக்கொள்வார்கள். பண்ணைக்காரர் கையில் வைக்கும் ஒரு ஷில்லிங் அச்சாரத்தை ஏற்றுக்கொண்டால் ஒப்பந்தம் முடிந்தது. தவணை முடிந்ததும் புதிய பண்ணை, பல வேளைகளில் புதிய பங்கு. அதனால்தான் ஒரே தாய் தந்தையரின் ஆறு பிள்ளைகளுக்கு நான்கு பங்குகளில் ஞானஸ்நானப் பதிவு இருக்கிறது. ஒரு பங்கில் மூன்றாவது பிள்ளையைக் காணவில்லை என்று மனம் தளர்ந்து, இறந்திருக்கலாம் என்று எண்ணுபவர், ஆட்சேர்ப்புச் சந்தைக்கு வந்த பண்ணைக்காரர்களின் ஊர்களை வரைபடத்தில் குறித்துக்கொண்டு அந்தப் பங்குகளில் தேடினால் பிள்ளை கிடைத்துவிடும். பணம் செலவழிக்கும் முன் புள்ளிவிபரக் கணக்கை வாசியுங்கள் என்று நான் வலியுறுத்துவது இதற்காகத்தான்.

இவ்வாறு பங்கு விட்டுப் பங்கு செல்பவர், பழைய பங்கின் மூப்பர் அவையிடம் நற்சான்று பெற்றுக்கொண்டே செல்ல வேண்டியிருந்தது. அது இல்லாமல் வந்தவர்களை அவை விசாரித்தது. அந்தச் சான்றுகளின் குறிப்புகள் ஏட்டில் உள்ளன. யார் எங்கிருந்து எங்கே போனார் என்பதை அவை காட்டுகின்றன. இதை வாசித்தபோது மலையகத் தோட்டங்களின் துண்டு முறை என் மனத்தை விட்டு அகலவில்லை. ஸ்கொட்லாந்துப் பண்ணையாள் தன் ஒழுக்கத்துக்கான சான்றை எடுத்துச் சென்றார். அவர் ஊரிலிருந்து வந்தவர்கள் நடத்திய தோட்டங்களில் எங்கள் மக்கள், 1921இல் அந்த முறை சட்டத்தால் ஒழியும் வரை, தங்கள் கடன் தொகை எழுதிய துண்டோடுதான் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குப் போக முடிந்தது. சக்கரம் செய்து பிழைத்த ஒருவரின் மகனான டெய்லர் பிறந்த பங்கில் எளியவர்களின் பெயர்கள் மூன்று நான்கு ஏடுகளில் பதிந்திருக்கின்றன. அவர் நட்ட செடியைப் பறித்த பெண்களின் பெயர்களோ தோட்டத்தின் வரவுப் பதிவேடான செக்ரோலில் வேலை நாளுக்கான புள்ளடியோடு மட்டும் வந்து போயின. இதை நான் ஸ்கொட்லாந்தின் ஏடுகள்மீது குற்றமாகச் சொல்லவில்லை. அவ்வளவு கவனமாக ஒருவரைப் பற்றி எழுத முடியும் என்பதற்கு அந்த ஏடுகளே சாட்சி. அதனால்தான் எழுதப்படாதவர்களின் இழப்பு இன்னும் கனமாகத் தெரிகிறது.

பயன்பாட்டைப் பற்றிச் சில வார்த்தைகள். கைத்தொலைபேசியில் பெயர் தேடலாம். மூப்பர் அவை ஏட்டை வாசிக்க இயலாது. பெரிய திரையும் நிலையான இணைப்பும் வேண்டும். 1700க்கு முந்திய எழுத்து முறை இன்றைய ஆங்கில எழுத்தைப் போன்றதன்று. தளத்திலேயே உள்ள எழுத்துப் பயிற்சி வழிகாட்டிகளை முதலில் படிக்காமல் இறங்கினால் ஒரு வரியும் பிடிபடாது. 1600ஆம் ஆண்டுக்கு முந்திய ஏடுகளில் ஆண்டு மார்ச் 25இல் தொடங்கியது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். தனியுரிமை கருதி, நூறு ஆண்டுகளுக்கு உட்பட்ட பிறப்புப் பதிவுகளின் படங்களையும், 75 ஆண்டுகளுக்கு உட்பட்ட திருமணப் பதிவுகளையும், 50 ஆண்டுகளுக்கு உட்பட்ட இறப்புப் பதிவுகளையும் இணையத்தில் திறக்க முடியாது. இது நியாயமான ஏற்பாடு. நிலாவெளி வீதியில் உள்ள போர் மயானத்தில் ஸ்கொட்லாந்துக் குடும்பப் பெயர்களைக் கண்டு அவர்களின் பின்னணியைத் தேட விரும்பும் மாணவர்களுக்கு இந்த எல்லை பெரும்பாலும் தடையாக இராது. 1942இல் இருபது வயதில் இறந்த ஒருவரின் பிறப்புப் பதிவு இப்போது திறந்துவிட்டது.

வாசிப்பின் வரிசையை இப்படி அமைத்துக்கொள்ளலாம். முதலில் புள்ளிவிபரக் கணக்குகளின் இரண்டு வரிசைகளிலும் உங்கள் பங்கையும் அதன் எல்லையிலுள்ள பங்குகளையும் வாசித்து, சந்தைகளின் பெயர்களையும் நாள்களையும் தனித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து, ஸ்கொட்லண்ட்ஸ் பீப்பிள் தளத்தில் மூப்பர் அவையின் கணக்கேட்டைத் தேர்ந்து, ஒரு பஞ்ச ஆண்டையும் ஒரு நல்ல விளைச்சல் ஆண்டையும் முழுமையாகப் புரட்டுங்கள். 1782இல் விளைச்சல் பொய்த்தது. ஆகவே 1783ஆம் ஆண்டின் வறியோர் பட்டியல் தொடங்குவதற்கு ஏற்ற இடம். பெயர்ப் பட்டியலில் இலவசத் தேடலைச் செய்து, தாயின் குடும்பப் பெயரையும் சேர்த்து வடிகட்டிய பிறகும் ஒருவரே எஞ்சினால், அப்போது கிரெடிட்டுகளை வாங்குங்கள். பாடசாலைகளோ வாசகர் வட்டங்களோ ஒரே கணக்கில் சேர்ந்து, ஒரே பங்கை எடுத்துக்கொண்டு, ஏட்டின் ஆண்டுகளைத் தங்களுக்குள் பங்கிட்டு வாசித்தால் செலவும் குறையும். ஒருவர் கண்ணுக்குத் தப்பியதை மற்றவர் பிடித்துவிடுவார். உவர்மலையில் நாங்கள் ஃபோர்டூனை அவ்வாறுதான் வாசித்து வருகிறோம். அடுத்ததாக லோரன்ஸ்கேர்க்கின் ஏட்டைத் தொடங்க இருக்கிறோம்.